விழுந்த பங்கில் புட் விற்பது எப்படி

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்துவிட்டதே, இனி என்ன என்று இருந்தவர்கள் நிறைய. புயல் நகராமல் அங்கேயே நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. கடலூருக்கு அடி விழுந்தது அதற்கும் பிறகு, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்தபோது. சரிந்த பங்கின் மேல் ஆப்ஷன் விற்கப் போகிறவர் இந்த வரிசையை மறக்கக் கூடாது. காற்று ஓய்ந்துவிட்டதா என்று பார்த்தால் போதாது. மேலே அணையில் இன்னும் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

புட் (குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமை), கால் (வாங்கும் உரிமை), ஸ்ட்ரைக் (அந்தக் குறித்த விலை), லாட் (ஒரு கான்ட்ராக்ட்டில் உள்ள பங்கு எண்ணிக்கை) எல்லாம் தெரிந்து, ஒன்றிரண்டு முறையாவது ஆப்ஷன் வாங்கி விற்றவர்களுக்கு இது. புதிதாக வருகிறவர்கள் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்: 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் சந்தை) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டத்தில்தான் இருந்தார்கள் என்று சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி கணக்கெடுத்துச் சொன்னது.

பிரீமியம் ஏன் கொழுக்கிறது

பங்கு ஒரே நாளில் 10, 15 சதவீதம் விழுந்தால் அதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காப்பீடு தேடுவார்கள். புட்டுக்குக் கிராக்கி, அதன் விலையான பிரீமியம் ஏறும். அந்தக் கிராக்கி ஐவி (இம்ப்ளைடு வாலட்டிலிட்டி, பங்கு வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆடும் என்று சந்தை எதிர்பார்ப்பது) என்ற எண்ணில் தெரியும். என்எஸ்இ இணையதளத்தின் ஆப்ஷன் செயினில் (எல்லா ஸ்ட்ரைக்குகளின் விலைப் பட்டியல்) ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் பக்கத்தில் அது இருக்கும். சாதாரண நாளில் 28 என்று கிடந்த ஐவி 55க்கு ஏறியிருந்தால், அதே தூரத்தில் உள்ள புட்டின் விலை இரண்டு மடங்கு அல்ல, பல மடங்கு ஆகியிருக்கும். தூரத்து ஸ்ட்ரைக்குகளில் இந்த வீக்கம் இன்னும் அதிகம்.

ஐவியை 16ஆல் வகுத்தால் சந்தை ஒரு நாளைக்கு எத்தனை சதவீத அசைவை எதிர்பார்க்கிறது என்பது கிடைக்கும் (வருடத்தில் சுமார் 252 வர்த்தக நாள், அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16). 55 என்றால் நாளுக்கு 3.4 சதவீதம். இனி வரும் நாட்களில் அந்தப் பங்கு தினம் அவ்வளவு ஆடாது என்று நினைக்கக் காரணம் இருந்தால் மட்டுமே விற்பதில் அர்த்தம் உண்டு. தினம் 4 சதவீதம் ஆடிக்கொண்டிருக்கும் பங்கில் 3.4-க்கு விற்றால் அடிமாட்டு விலைக்குக் கொடுத்த கதைதான்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. காலாண்டு முடிவு வந்து விழுந்த பங்கில் ஐவி பெரும்பாலும் ஏறியிருக்காது. முடிவுக்கு முன்பே ஏறி, முடிவு வந்த மறுநாள் காலையிலேயே இறங்கிவிடும். புட் விலை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் பங்கு அந்த ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்பதுதான். கொழுத்திருப்பது பிரீமியமா, ஆபத்தா என்று ஐவி எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். முந்தைய ஆறு மாத, ஒரு வருட ஐவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வீச்சின் மேல்பாதியில் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

எந்தச் சரிவில் விற்கலாம்

எவ்வளவு விழுந்தது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு வங்கிப் பங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச் 11 அன்று இன்டஸ்இண்ட் பேங்க் பங்கு, டெரிவேட்டிவ் கணக்கில் முரண்பாடு இருப்பதாக முந்தைய நாள் அந்த வங்கியே அறிவித்ததால், ஒரே நாளில் சுமார் 27 சதவீதம் விழுந்து 656 ரூபாய் பக்கம் முடிந்தது. அதே வருடம் மே மாதத்தில் 700க்கு மேல் நின்றது. 2024 ஜனவரி 17 அன்று ஹெச்டிஎஃப்சி பேங்க் காலாண்டு முடிவுக்குப் பிறகு 8 சதவீதம் சொச்சம் விழுந்து அப்போதைய விலையில் 1,537 பக்கம் முடிந்தது. அதோடு நிற்கவில்லை, பிப்ரவரி நடுவில் 1,400க்கும் கீழே போனது. பார்த்தால் பயங்கரமான சரிவு முதல் வங்கியில். புட் விற்றவரை ஒரு மாதம் அரித்தது இரண்டாவது வங்கி.

அதனால் சரிவுக்கான காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்.

மொத்தச் சந்தையும் விழுந்து, அதோடு இந்தப் பங்கும் விழுந்தது என்றால் அது விற்பவருக்கு ஓரளவு சாதகம். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து, அடுத்த மூன்று நாளில் மீண்டது. ஐவியும் அதே வேகத்தில் வடிந்தது. காரணம் ஒன்றே, அது அன்றே வெளியே வந்துவிட்டது, அணையில் தண்ணீர் பாக்கி இல்லை.

காலாண்டு முடிவில் விழுந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பெரிய ஃபண்டுகள் ஒரே நாளில் விற்று முடிக்க மாட்டார்கள். புரோக்கரேஜ் நிறுவனங்கள் இலக்கு விலையைக் குறைப்பதும் அடுத்தடுத்த நாட்களில்தான் வரும்.

கணக்கில் குளறுபடி, ஒழுங்குமுறை நடவடிக்கை, புரமோட்டர் அடமானம், தணிக்கையாளர் விலகல் இவற்றால் விழுந்த பங்கில் ஹெட்ஜ் (நஷ்டத்துக்கு வரம்பு போட வாங்கி வைக்கும் இன்னொரு புட்) இல்லாமல் புட் விற்கவே கூடாது. இன்டஸ்இண்ட் மீண்டது என்பதற்காக எல்லாம் மீளும் என்று இல்லை. 2020 மார்ச் 5 மாலை யெஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி மோரட்டோரியம் (பணம் எடுக்கக் கட்டுப்பாடு) அறிவித்தது. மறுநாள் பங்கு பாதிக்கும் மேல் போனது. எஃப் அண்ட் ஓ பட்டியலில் உள்ள பங்குகளுக்கு மற்றவை போல நிலையான சர்க்யூட் (ஒரு நாளில் விலை நகரக்கூடிய எல்லை) கிடையாது. 10 சதவீதத்தில் தொடங்கும் வரம்பு, விலை போகப் போக விரிந்துகொண்டே போகும். ‘லோயர் சர்க்யூட்டில் நின்றுவிடும்’ என்று நம்பி உட்கார இடமில்லை.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். பங்கு தடைப் பட்டியலில் இருக்கிறதா? ஓபன் இன்ட்ரஸ்ட் (மூடாமல் நிற்கும் கான்ட்ராக்ட்டுகள்), சந்தை மொத்த வரம்பில் 95 சதவீதத்தைத் தாண்டினால் தடை வந்துவிடும். அதன் பிறகு பொசிஷனைக் குறைக்க மட்டுமே முடியும். சரிந்த பங்கில் எல்லோரும் புகுவதால் இது அடிக்கடி நடக்கும். 85, 90 சதவீதத்தில் இருக்கும் பங்கில் விற்றுவிட்டு, நாளைக்கு வேறு ஸ்ட்ரைக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

ஒரு லாட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம்

கற்பனைப் பங்கு ஒன்று. 1,000 ரூபாயிலிருந்து 860க்கு விழுந்திருக்கிறது. லாட் 700. எக்ஸ்பைரிக்கு (கான்ட்ராக்ட் முடியும் நாள்) 25 நாள். ஐவி 55.

25 நாளில் சந்தை எதிர்பார்க்கும் அசைவு: 860 × 0.55 × (25/365-இன் வர்க்கமூலம், 0.262) = சுமார் 124 ரூபாய். அதாவது 736 வரை போவதைச் சந்தை அதிசயமாக நினைக்காது. இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, 760 ஸ்ட்ரைக் புட் ஏறக்குறைய 12 ரூபாய்க்குப் போகும். டெல்டா (பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் புட் எவ்வளவு நகரும் என்பது) 0.17 பக்கம். பங்கு 760க்குக் கீழே முடியும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு லாட் விற்றால் கைக்கு 8,400 ரூபாய். முதல் போடாமல் வந்த பணம் போலத் தெரியும். எதிர்ப்பக்கம்: 760 × 700 = 5,32,000 ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மார்ஜின், அதாவது புரோக்கர் பிடித்து வைக்கும் பிணைத்தொகை, ஒன்றோ ஒன்றரையோ லட்சம் பூட்டப்படலாம் (அன்றைய எண்ணை புரோக்கரின் மார்ஜின் கால்குலேட்டரில் பாருங்கள், சரிந்த பங்குக்குத் தினம் மாறும்). எத்தனை லாட் விற்பது என்பதை அந்த மார்ஜினை வைத்து முடிவு செய்தால் தப்பு. 5,32,000-ஐ வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கையில் ஆறு லட்சம் இருந்தால் ஒரு லாட். மார்ஜின் கணக்குப்படி நாலு லாட் வருமே என்று விற்றவர், 21 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறேன் என்று ஆறு லட்சத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்.

நல்லது நடந்தால் எப்படி இருக்கும்? ஐந்து நாளில் பங்கு அதே 860இல் நிற்க, ஐவி 38க்கு இறங்கினால், அந்த 12 ரூபாய் புட் இரண்டரை ரூபாய்க்கு வந்துவிடும். லாபம் 9.50 × 700 = 6,650. பங்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பயம் வடிந்ததற்கு வந்த காசு இது. சரிவுக்குப் பிறகு விற்பதன் முழுக் கவர்ச்சியும் இந்த வரியில் இருக்கிறது.

கெட்டது நடந்தால்? மறுநாளே பங்கு 780க்குப் போய், ஐவி 65 ஆனால், அதே புட் 40 ரூபாய். நஷ்டம் 28 × 700 = 19,600. பங்கு இன்னும் உங்கள் ஸ்ட்ரைக்கைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘760 வரைக்கும் எனக்குக் கவலை இல்லை’ என்பவர் 780இலேயே வாங்கிய பிரீமியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழந்து நிற்பார். அதோடு மார்ஜினும் கூடும். பற்றாக்குறை வந்தால் அபராதம் தனி.

இதற்கு மருந்து 720 புட்டை வாங்கி வைப்பது. அது ஐந்தரை ரூபாய் என்றால் நிகர வரவு 6.50, ஒரு லாட்டுக்கு 4,550. அதிகபட்ச நஷ்டம், இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் உள்ள இடைவெளி 40 − 6.50 = 33.50, லாட்டுக்கு 23,450. பாதி பிரீமியம் போய்விடுகிறதே என்று தோன்றும். போகட்டும். மார்ஜின் குறையும், இரவில் தூக்கம் வரும், யெஸ் பேங்க் மாதிரி ஒரு காலை விடிந்தாலும் 23,450-ஓடு முடியும். அந்தப் பங்கை உண்மையிலேயே 748 ரூபாய் அடக்கத்தில் (760 கழித்தல் 12) வாங்கி வைத்துக்கொள்ள ஆசையும் பணமும் இருந்தால் மட்டும் ஹெட்ஜ் இல்லாமல் விற்கலாம்.

ஆர்டர் போடும்போது

விழுந்த அன்று காலை 9.15க்கு விற்காதீர்கள். முதல் அரை மணியில் பிட்டுக்கும் (வாங்குபவர் விலை) ஆஸ்க்குக்கும் (விற்பவர் விலை) இடைவெளி கண்டபடி இருக்கும். ஒரு முழு நாள் போகட்டும். அன்றைய குறைந்தபட்ச விலையை மறுநாள் உடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல் இறங்கினால் போதும்.

பங்கு ஆப்ஷனில் மார்க்கெட் ஆர்டர் (விலை குறிக்காமல் கிடைத்த விலைக்கு விற்பது) என்பது காசை ரோட்டில் போடுவது. 760 புட்டுக்கு வாங்குபவர் 11.60, விற்பவர் 12.60 என்று நிற்கிறார்கள் என்று வையுங்கள். மார்க்கெட்டில் விற்றால் 11.60தான் கிடைக்கும். நடுவில் 12.10 என்று லிமிட் போட்டு, ஐந்து நிமிடம் பார்த்து, ஆகவில்லையென்றால் ஐந்து பைசா பத்து பைசாவாக இறக்குங்கள். 12க்குப் போனாலும் 40 பைசா மிச்சம். 700 பங்குக்கு 280 ரூபாய். இந்த இடைவெளி பிரீமியத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த ஸ்ட்ரைக்கே வேண்டாம். 750, 800 போன்ற முழு எண்களில் கூட்டம் அதிகம் இருக்கும், அங்கே பாருங்கள். அடுத்த மாதக் கான்ட்ராக்ட்டில் பெரும்பாலும் ஆளே இருக்காது, நடப்பு மாதத்திலேயே 20 முதல் 30 நாள் மீதம் இருக்கும்போது விற்பதுதான் வசதி.

ஸ்ப்ரெட் (ஒரு புட்டை விற்று, கீழே இன்னொன்றை வாங்கும் ஜோடி) போடும்போது முதலில் 720ஐ வாங்கி, பிறகு 760ஐ விற்க வேண்டும். அப்போதுதான் மார்ஜின் சலுகை உடனே கிடைக்கும். வெளியேறும்போது தலைகீழ்: முதலில் 760ஐத் திரும்ப வாங்கி, பிறகு 720ஐ விற்க வேண்டும். மாற்றிச் செய்தால் நடுவில் சில நிமிடம் ஹெட்ஜ் இல்லாத ஷார்ட்டாக (விற்றவராக) நிற்பீர்கள், மார்ஜின் எகிறும், ஆர்டரே நிராகரிக்கப்படலாம்.

அடமானம் வைத்த பங்குகளை நம்பி இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு தாண்டி வைக்கும் பொசிஷனுக்கு மார்ஜினில் பாதி, ரொக்கமாகவோ ரொக்கத்துக்குச் சமமானதாகவோ (லிக்விட் ஃபண்ட், அரசுப் பத்திரம்) இருக்க வேண்டும். மீதிப் பாதிக்குத்தான் பங்கு அடமானம் செல்லும்.

எப்போது வெளியேறுவது

விற்ற கையோடு இரண்டு எண்களை எழுதி வையுங்கள். 12க்கு விற்றால், 4 ரூபாய்க்கு வந்ததும் திரும்ப வாங்க ஒரு லிமிட் ஆர்டர். மீதி 4 ரூபாய்க்காக இன்னும் இரண்டு வாரம் ஆபத்தில் நிற்பது வீண். இன்னொரு எண் 30: புட் அந்த விலைக்கு வந்தால், காரணம் கேட்காமல் வெளியே. முதல் எண்ணை எல்லோரும் கடைப்பிடிப்பார்கள். இரண்டாவதில்தான் ‘இன்னும் ஒரு நாள் பார்ப்போம்’ வரும்.

ரோல் செய்வது, அதாவது 760ஐ நஷ்டத்தில் மூடிவிட்டுக் கீழே 700இல் இரண்டு லாட் விற்பது, சரிசெய்வது போலத் தெரியும். விழுந்துகொண்டிருக்கும் பங்கில் கடனைப் பெரிதாக்குவது அது. ரோல் செய்வதானால் லாட் எண்ணிக்கை கூடக் கூடாது.

எக்ஸ்பைரி வாரம்

அமெரிக்காவில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே குழம்புவார்கள். நம்மூர் பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய முறை; எக்ஸ்பைரிக்கு முன்னால் யாரும் உங்கள் தலையில் பங்கைக் கட்ட முடியாது. ஆனால் எக்ஸ்பைரியன்று பங்கு ஸ்ட்ரைக்குக்குக் கீழே முடிந்தால் கட்டாயம் கட்டுவார்கள். 2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன் எல்லாமே பங்காகவே தீர்க்கப்படுகிறது. 2025 செப்டம்பரிலிருந்து என்எஸ்இ-யில் அந்த நாள் மாதத்தின் கடைசிச் செவ்வாய்.

இதில் ஸ்ப்ரெட்காரர்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. பங்கு 720க்குக் கீழே முடிந்தால் இரண்டு புட்டும் ஒன்றையொன்று நேர் செய்துவிடும். நஷ்டம் அந்த 23,450தான். 745இல் முடிந்தால்? நீங்கள் வாங்கிய 720 புட் பூஜ்யம். விற்ற 760 புட் உயிரோடு. 5,32,000 ரூபாய் கட்டி 700 பங்கு எடுக்க வேண்டும். ஸ்ப்ரெட்தானே என்று கணக்கில் 60,000 மட்டும் வைத்திருந்தவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்பைரி வாரத் தொடக்கத்திலேயே இரண்டையும் மூடிவிடுங்கள். அந்த வாரத்தில் புரோக்கர்கள் மார்ஜினை ஏற்றுவார்கள், கட்டவில்லையென்றால் அவர்களே கிடைத்த விலைக்கு மூடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி

இது கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கான தனிப் பத்தி. சந்தை நடப்பது மும்பையில். நமக்குப் புயல் என்று அது மூடாது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது; அது வெள்ளிக்கிழமை, வர்த்தக நாள். கரண்ட் திரும்ப வர நாள் கணக்கில் ஆன ஊர்கள் உண்டு. ஃபெஞ்சல் சனிக்கிழமை வந்தது. சந்தை திறந்த திங்கட்கிழமை தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்கள் செல்போன் சார்ஜுக்கே அலைந்தார்கள்.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் ஹெட்ஜ் இல்லாத ஷார்ட் புட் எதுவும் கையில் இருக்கக் கூடாது. மூட மனமில்லையென்றால் கீழ் ஸ்ட்ரைக்கையாவது வாங்கிப் போட்டு ஸ்ப்ரெட்டாக மாற்றிவிடுங்கள். புரோக்கரின் டீலிங் டெஸ்க் தொலைபேசி எண், உங்கள் கிளையன்ட் ஐடி இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள். ஆப் திறக்காதபோது, கொஞ்சம் கூடுதல் கட்டணம் ஆனாலும், பேசி ஆர்டர் போட முடியும். வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ பாஸ்வேர்டைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வது வேண்டாம். லாகின் ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும், டவர் இல்லையென்றால் அதுவும் வராது.

செலவும் வரியும்

விற்கும் பிரீமியத்துக்கு எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) உண்டு. 2024 அக்டோபர் 1 அன்று அது 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 ஆனது, பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக் கூடியது, கான்ட்ராக்ட் நோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை வாங்கும் பக்கம் மட்டும், 0.003 சதவீதம். 2020 ஜூலையிலிருந்து நாடு முழுக்க ஒரே விகிதம், எனவே முகவரி கடலூரா புதுச்சேரியா என்பதால் வித்தியாசம் இல்லை. வருமான வரியில் இது வியாபார வருமானம், ஊக வணிகம் அல்ல. சம்பளக்காரராக இருந்தாலும் ஐடிஆர்-3 போட வேண்டும். நஷ்டமானாலும் கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் செல்ல முடியும்.

பங்கு கைக்கு வந்துவிட்டால்

748 அடக்கத்தில் 700 பங்கு டீமேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது, அதுவும் நீங்கள் விரும்பியதுதான் என்றால், அடுத்த வேலை அதன் மேல் கால் விற்பது. ஸ்ட்ரைக் 760க்கு மேலே இருக்கட்டும். விலை 700இல் கிடக்கும்போது ஆசைப்பட்டு 720 காலை விற்றால், பங்கு மீளும் நாளில் உங்கள் அடக்கத்துக்கும் கீழே கொடுக்க வேண்டி வரும். டீமேட்டில் பங்கு சும்மா இருப்பதால் மார்ஜின் குறையாது. அடமானம் வைத்தால்தான் அதன் மதிப்பில் ஒரு பகுதி மார்ஜினுக்குக் கிடைக்கும். அப்படி வைத்திருந்தால், பங்கு கால் ஸ்ட்ரைக்கைத் தாண்டும் (ஐடிஎம் ஆகும்) போலத் தெரிந்தவுடன், எக்ஸ்பைரிக்கு இரண்டு மூன்று வேலை நாள் முன்பே அடமானத்தை விடுவிக்கக் கோரிக்கை கொடுத்துவிடுங்கள். பங்கு அடமானத்தில் மாட்டியிருக்க டெலிவரி கொடுக்க முடியாமல் போனால் அது ஏலத்துக்குப் போகும். சொந்தப் பங்கு டீமேட்டில் இருக்கும்போதே, ஏல விலை கொடுத்து அதே பங்கை வாங்கிக் கொடுக்க வேண்டி வரும்.